இல்லை என்று போட்ட கட்டம்

ஆகஸ்ட் 8, வெள்ளி

மேட்டூர் நிரம்பிவிட்டது. வருகிற தண்ணீரை அப்படியே திறந்துவிடுகிறார்களாம். முக்கொம்பு தாண்டி, கொள்ளிடத்தில் இறங்கி நம் வாசலுக்கு வர இரண்டு நாள். ஆக, என் சனி ஞாயிறு போயிற்று.

என் அறை வாசலில் 'துணை வட்டாட்சியர், பேரிடர் மேலாண்மை' என்று பலகை மாட்டிய நாளிலிருந்து, கழிப்பறையில் பாம்பு வந்தாலும் எனக்குத்தான் போன் வருகிறது. இன்று காலையில் ஒருத்தர் தென்னை மரம் சாய்கிற மாதிரி இருக்கிறது, வந்து பாருங்கள் என்றார். சாய்கிற மாதிரியா, சாய்ந்தே விட்டதா என்று கேட்டேன். கோபித்துக்கொண்டு வைத்துவிட்டார்.

உண்மையான தலைவலி நாணல்திட்டு. ஆற்றுக்கு நடுவில் மேடாக ஓர் ஊர், எண்பத்து நான்கு வீடு. இந்தக் கரைக்கு வர ஒரே வழிதான், ஒரு கிளையாற்றைக் கடக்க வேண்டும். மற்ற நாளில் அதில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடும், பிள்ளைகள் அதில் இறங்கித்தான் பள்ளிக்கூடம் வருகிறார்கள். வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குவது அதுதான். அந்த ஊர் வி.ஏ.ஓ. பிரசவ விடுப்பில் இருக்கிறாள். பக்கத்து ஊர்க்காரர் கூடுதல் பொறுப்பு. பொறுப்பு என்பது காகிதத்தில். வேலை முழுக்கக் கிராம உதவியாளர் தனசீலன் தலையில்.

சீலனைப் பன்னிரண்டு வருடமாகத் தெரியும். நான் வருவாய் ஆய்வாளராக அலைந்த காலத்திலிருந்து கூட இருக்கிறான். ஆபீசில் மேடம் என்பான், போனில் அக்கா என்பான். காலையில் கூப்பிட்டேன்.

"தண்டோரா போட்டாச்சுக்கா. மைக்கும் கட்டியாச்சு. ஒருத்தரும் நவுர மாட்டேங்குறாங்க. மொதல்ல ஆடு மாட்டுக்கு எடம் காட்டுங்கறாங்க."

"மனுஷங்களுக்கு?"

"அவங்க எங்கயாச்சும் படுத்துப்பாங்களாம்."

சிரித்துவிட்டேன். பள்ளிக்கூட மைதானத்தில் மாடுகளுக்குக் கொட்டகை போடச் சொல்லியிருக்கிறேன். வீட்டில் இட்லி மாவு தீர்ந்துவிட்டது. அரைக்க நேரமில்லை, கடை மாவு புளிக்கிறது.

ஆகஸ்ட் 9, சனி

கொட்டகை போட்டதும் ஊர் நகர ஆரம்பித்தது. மாலைக்குள் முக்கால்வாசிப் பேர் பள்ளிக்கூடத்து முகாமுக்கு வந்துவிட்டார்கள். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். சீலன் மனைவி தையல்நாயகி முகாம் சமையலில் நிற்கிறாள். என்னைப் பார்த்ததும், "அக்கா சாப்புடல, மூஞ்சியே சொல்லுது" என்று சாம்பார் சாதத்தைத் தட்டில் போட்டுக் கொடுத்தாள். உப்பு தூக்கல். சாப்பிட்டேன்.

சீலனுக்கு ஒரு வழக்கம். ஒரு வீட்டார் பூட்டிக்கொண்டு கிளம்பியதும், வாசல் நிலைக்கு மேலே சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்துவிடுவான். கோடு இருந்தால் அந்த வீட்டு ஆட்கள் கரையேறியாயிற்று என்று அர்த்தம். ரேஷன் அட்டையை வைத்து எண்ணுவதில் அவனுக்கு நம்பிக்கையில்லை. "அட்டையப் பாத்து எண்ணுனா திருப்பூர்ல இருக்குறவனும் கணக்குல வருவான்க்கா. விருந்துக்கு வந்த மாமியா விட்டுப் போயிடும்" என்பான். சரியான பேச்சு.

எங்கள் வழக்கம் வேறு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாவட்டத்துக்குப் படிவம் போக வேண்டும். முகாம் எத்தனை, குடும்பம் எத்தனை, ஆண், பெண், குழந்தை, கால்நடை. கடைசிக் கட்டம்: 'இன்னும் வெளியேற்றப்பட வேண்டியவர்கள்'. அந்தக் கட்டத்தில் ஓர் எண் விழுந்தால் தீர்ந்தது கதை. ஒன்று என்று போட்டால் பன்னிரண்டு பேர் போன் செய்து அந்த ஒன்று யார் என்பார்கள். காலை பதினொரு மணிக்குக் கலெக்டர் காணொலியில் வருவார். அதற்குள் எல்லா வட்டத்திலும் அந்தக் கட்டத்தில் 'இல்லை' ஏறிவிடும். கடைசி ஆட்கள் வந்து சேரக் கொஞ்சம் முன்னாலேயே 'இல்லை' போட்டுவிடுவது எல்லோரும் செய்கிற காரியம்தான். பின்னாலேயே வந்துவிடுவார்கள். இதுவரை வராமல் போனதில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

விடிவதற்குள் தண்ணீர் ஏறிவிட்டது. பத்து இருபதுக்குப் பொறுப்பு வி.ஏ.ஓ.வைக் கேட்டேன். "எல்லாம் முடிஞ்சுது மேடம்" என்றார். பத்தரைக்கு அறிக்கை போயிற்று. நாணல்திட்டு: இல்லை. அதைப் பார்த்து, நம் கரையில் நின்ற தீயணைப்புத் துறைப் படகை மேலமூலைக்கு அனுப்பச் சொல்லிவிட்டார்கள். அங்கே கோயிலில் நாற்பது பேர் மாட்டிக்கொண்டிருந்தார்கள். காணொலியில் கலெக்டர் நம் வட்டத்தைப் பெயர் சொல்லிப் பாராட்டினார்.

மதியத்திலிருந்து சீலன் போன் எடுக்கவில்லை. சார்ஜ் போயிருக்கும்.

மாலை ஆறு மணி. சீலன் முகாமில் இல்லை. காலையில் கயிற்றுச் சுருளோடு கிளையாற்றுப் பக்கம் இறங்கியதை இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள். திரும்பி வந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. நான் கரைக்குப் போனேன். தண்ணீர் பாதையையே காணாமல் அடித்துவிட்டது. தையல் வந்து என் பக்கத்தில் நின்றாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தோம்.

ஆகஸ்ட் 11, திங்கள்

கிடைக்கவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

தண்ணீர் கொஞ்சம் வடிந்தது. படகில் திட்டுக்குப் போனேன். வீடு வீடாக வாசல் நிலையைப் பார்த்தேன். தண்ணீர் தொடாத உயரத்தில் கோடு அப்படியே இருக்கிறது. எண்பத்து மூன்று வீட்டில் இருந்தது. கீழக்கோடியில் சிங்காரம் வீட்டில் மட்டும் இல்லை.

சிங்காரம் தனி ஆள். பதினேழு ஆடு வைத்திருக்கிறார். அவரும் ஆற்றோடு போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். மதியம் மூன்று மணிக்கு வடகரையிலிருந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்து நிற்கிறார். சனிக்கிழமை பொழுது சாய்வதற்கு முன்பே அந்தப் பக்கமாக இறங்கி, அக்காள் வீட்டுக்குப் போய்விட்டாராம்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அத்தனை பேர் முன்னால் கத்திவிட்டேன். "சொல்லிட்டுப் போகத் தெரியாதா உமக்கு? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"யாருகிட்டங்க சொல்றது? ஆடுவொ பசியில கத்துச்சு. மேடு இருக்குற பக்கம் ஓட்டிக்கிட்டுப் போயிட்டேன்" என்றார். பிறகுதான் யாரோ அவரிடம் சீலன் விஷயத்தைச் சொன்னார்கள். அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். ஆடுகள் அவரைச் சுற்றி நின்றன.

ஆக, ஞாயிறு காலையில் திட்டில் ஒருவரும் இல்லை. நான் போட்ட 'இல்லை' சரியாகத்தான் இருந்திருக்கிறது. இதை எழுதவே கை கூசுகிறது.

ஆகஸ்ட் 13, புதன்

ஏழு கிலோமீட்டர் கீழே, கருவேலம் புதரில் கிடைத்தான். இடுப்பில் கயிறு கட்டியிருந்தது. மறுமுனையை எதில் கட்டினான், எப்போது விட்டுப்போயிற்று, தெரியாது.

அடையாளம் காட்டத் தையலை வரவிடவில்லை. நான் போய்ப் பார்த்தேன். பார்த்ததை எழுதப் போவதில்லை. வீட்டுக்கு வந்து குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். என் தம்பி இருந்தால் சீலன் வயதுதான் இருக்கும். எனக்குத் தம்பி கிடையாது. அழும்போது அப்படித்தான் தோன்றியது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

சுதந்திர தின விழாவில் எனக்கு நற்சான்றிதழ். 'திருமதி மங்கையர்க்கரசி அவர்கள் வெள்ளக் காலத்தில் உயிர்ச்சேதம் ஏதுமின்றி' என்று அச்சடித்திருக்கிறார்கள். திங்கட்கிழமையே அச்சுக்குப் போய்விட்டதாம், நிறுத்த முடியவில்லையாம். வாங்கப் போகாமல் இருந்திருக்கலாம். போனேன். புடவை கூட இஸ்திரி போட்டுக் கட்டினேன். போட்டோவில் சிரித்திருக்கிறேன். வாட்ஸப் குழுவில் முப்பத்தேழு பேர் கட்டைவிரல் காட்டியிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

தாசில்தார் ஜோதிலிங்கம் சார் கூப்பிட்டார். டிசம்பரில் ஓய்வு பெறப்போகிறவர், சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனுஷர். சீலன் இறப்பு பற்றி மாவட்டத்திலிருந்து மூன்று கேள்வி வந்திருக்கிறது. யார் உத்தரவில் போனார்? எத்தனை மணிக்கு? எதற்கு?

"பத்தரைக்கே திட்டுல ஆள் இல்லன்னு நாமே எழுதிக் குடுத்திருக்கோம். அதுக்கப்புறம் இவன் எதுக்கும்மா தண்ணியில எறங்குனான்? மீன் வலை எடுக்கப் போனதா யாரோ போலீஸ்ல சொல்லியிருக்காங்க."

"விசாரிக்கிறேன் சார்" என்றேன்.

பணி நிமித்தம் போனார் என்று அறிக்கை போனால் தையலுக்குக் கருணை அடிப்படையில் வேலை உடனே கிடைக்க வழியிருக்கிறது. சீலன் பெயரும் கௌரவமாக நிற்கும். சொந்த வேலையாகப் போனார் என்று எழுதினால் அவள் வேலை கேட்கும் மனு வரிசையில் எங்கோ பின்னால் போய் நிற்கும். ஊரில் அவனை வலைக்கு ஆசைப்பட்டுச் செத்தவன் என்பார்கள். அந்த ஒற்றை வரி என் மேசையிலிருந்துதான் போக வேண்டும்.

வெளியே வந்தால் பெஞ்சில் தையல். மனு ஏதாவது கொண்டுவந்தாயா என்றேன். "இல்லக்கா, சும்மாத்தான்" என்றாள். டீ வாங்கிக் கொடுத்தேன். சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

தையல் வந்தாள். சாப்பிட்டாயா என்றேன். தலையாட்டினாள். பயிர்ச் சேதக் கணக்கெடுப்பு ஆரம்பம்.

ஆகஸ்ட் 20, புதன்

வந்தாள்.

ஆகஸ்ட் 21, வியாழன்

வந்தாள். வேலை இருக்கிற மாதிரி பின்வாசல் வழியாக வெளியே போய்விட்டேன். கேஸ் சிலிண்டர் பதிவு செய்ய வேண்டும் என்று நான்கு நாளாக நினைத்து, இன்றுதான் செய்தேன். கடைத்தெருவில் ஒரு மணி நேரம் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தால் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குப் பதில் அவள் என்னை நான்கு அறை அறைந்திருக்கலாம்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

யாரும் என் போனைக் கேட்கவில்லை. நானேதான் எடுத்துப் பார்த்தேன். ஞாயிறு காலை 10.41, தனசீலன், நாற்பத்தேழு வினாடி.

சீலன் போன் ஆற்றோடு போய்விட்டது. அதனால் இது எனக்கு மட்டும்தான் தெரியும். அறிக்கை போய்ப் பதினோரு நிமிடம் கழித்துக் கூப்பிட்டான். ஒரு வீட்டில் மட்டும் கோடு போடவில்லை, சிங்காரம் உள்ளே இருக்கிறாரோ என்னவோ என்றான். போய்ப் பார்த்துவிட்டு வா என்றேன். படகைப் பற்றிப் பேச்சு வரவில்லை. யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

அந்த நிமிடமே மாவட்டத்துக்குக் கூப்பிட்டு, எங்கள் 'இல்லை'யை 'ஒன்று' என்று திருத்துங்கள் என்று சொல்லியிருந்தால் படகு நம் கரையிலேயே நின்றிருக்கும். அப்போது அது இன்னும் கிளம்பவில்லை, கிளம்ப மேலும் பத்து நிமிடமாவது ஆகியிருக்கும். எனக்குத் தெரியும் அது. காணொலிக்கு இன்னும் பத்தொன்பது நிமிடம் இருந்தது, நான் தலை வாரிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

சீலன் கருமாதி. ஆற்றில் தண்ணீர் பழையபடி கணுக்காலுக்கு இறங்கிவிட்டது. புடவையைத் தூக்கிக்கொண்டு நடந்தே போனேன். இந்த இடத்தில்தானா என்று நினைக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

பந்தலில் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த இரண்டு பேர், வெளியூர்க்காரர்கள், குரலைத் தாழ்த்தாமலே பேசிக்கொண்டார்கள். "ஒரு வலைக்காவ உசுர விடுவானா மனுஷன்?" என்றார் ஒருவர். "புத்தி அப்புடிப் போவும்" என்றார் மற்றவர்.

சீலன் மகள் ஆதிரை தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தாள். எட்டாம் வகுப்பு படிக்கிறாள். ஜக்கைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். வலையை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு வந்து அவர்கள் இலைக்கு முன்னால் போட்டாள்.

"இதான் எங்கப்பா வலை. சனிக்கெழமையே முகாமுக்கு எடுத்துக்கிட்டு வந்துட்டோம். நாந்தான் தூக்கிக்கிட்டு வந்தேன். அப்பறம் எதை எடுக்கப் போனாருன்னு சொல்லுங்க."

தையல் வந்து மகளைத் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். போகும்போது என்னைப் பார்த்தாள். இலையை மூடிவிட்டு எழுந்தேன். அந்தப் பிள்ளை கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் அந்தப் பந்தலில் நான்தான். வாயைத் திறக்கவில்லை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

சார் வரைவு போட்டு வைத்திருந்தார். 'மேற்படி கிராம உதவியாளர் தமது சொந்தப் பணி நிமித்தம் சென்றபோது எதிர்பாராத விதமாக'. கீழே என் கையெழுத்துக்கு இடம்.

"சார், அவன் சொந்த வேலையாப் போகல."

"உனக்கெப்படித் தெரியும்?"

வரைவை இன்னொரு தரம் படிக்கிற மாதிரி குனிந்துகொண்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அரசி, தாசில்தார் பட்டியல்ல உன் பேரு ஆறாவதா இருக்கு. அடுத்த மாசம் வருது. இந்த நேரத்துல அந்தப் பத்தரை மணி அறிக்கைய யாரும் தோண்டக்கூடாது. உன்ன நெனச்சுத்தாம்மா சொல்றேன்."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அதுதான் கஷ்டம். படித்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று கோப்பை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். இரண்டு வாளி துணி துவைத்தேன். துவைத்த துணியையே திரும்ப ஒருமுறை அலசினேன்.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி, விடுமுறை. திருப்பூரிலிருந்து என் வீட்டுக்காரர் வந்திருக்கிறார். கொழுக்கட்டை செய்தேன், மேல்மாவு விண்டு விண்டு போயிற்று. சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னேன். போன் வந்ததையும் சொன்னேன்.

"போயிட்டு வான்னு சொன்னதுல என்ன தப்பு? வேலையத்தானே சொன்ன" என்றார்.

"அதை எழுதிக் கொடுக்கணும்ல."

"எழுதினா உன்னத்தான் புடிப்பாங்க. சஸ்பெண்ட் ஆனா வீட்டுக் கடன் யாரு கட்டுவா?" இன்னொரு கொழுக்கட்டை எடுத்துக்கொண்டார். பிறகு வெகுநேரம் கழித்து, "அந்தப் பொண்ணு என்ன படிக்குதுன்னு சொன்ன?" என்றார்.

எட்டாவது என்றேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

எழுதிவிட்டேன். என் கைப்பட, இரண்டு பக்கம். 'மேற்படி நாளில் 10.30 மணி அறிக்கையில் நான் இல்லை எனக் குறிப்பிட்டது சரிபார்க்கப்படாத தகவல் ஆகும். 10.41 மணிக்குக் கிராம உதவியாளர் கைபேசியில் தொடர்புகொண்டு ஒரு வீடு விடுபட்டதைத் தெரிவித்தபோது, நேரில் சென்று பார்த்து வருமாறு அவருக்கு நான் அறிவுறுத்தினேன். எனவே அவர் என் உத்தரவின்பேரில் பணி நிமித்தமே சென்றார்.'

சார் இரண்டு தரம் படித்தார். "பைத்தியமாம்மா நீ" என்றார். அதில் கோபம் இல்லை. "நாளைக்குச் சாயங்காலம் அனுப்புறேன். அதுவரைக்கும் இது என் மேசையில இருக்கும். மனசு மாறினா வந்து எடுத்துக்க."

மாறாது என்றேன். நெஞ்சில் வைத்திருந்த அம்மிக்கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. பல நாளுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன். ரசம் நன்றாக அமைந்துவிட்டது. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டேன், இனி யாரும் என்னை ஒன்றும் கேட்க முடியாது என்று ஒரு திமிர் கூட வந்தது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

தையல் வந்தாள். பெஞ்சில் உட்காரப் போனவளை உள்ளே கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்தேன். கதவைச் சாத்தினேன். அறிக்கையின் நகலைக் கொடுத்தேன்.

"படி, தையல். இவ்வளவு நாளா உன்கிட்ட சொல்லாம இருந்தேன்."

அவள் பத்தாவது வரை படித்தவள். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். இரண்டாம் பக்கம் திருப்பினாள். திரும்ப முதல் பக்கத்துக்கு வந்தாள். அழுவாள், அல்லது என்னைத் திட்டுவாள், அல்லது நல்லது செஞ்சீங்கக்கா என்று கையைப் பிடித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். கடைசியாகச் சொன்னதற்குத்தான் காத்திருந்தேன் என்று இப்போது தெரிகிறது.

"அக்கா, இதுல ஒண்ணு சரியில்ல" என்றாள்.

"எது?"

"'நேரில் சென்று பார்த்து வருமாறு'ன்னு இருக்கு. நீங்க அப்புடிச் சொல்லல."

நகலை வாங்கி அந்த வரியை நானே ஒருமுறை படித்தேன்.

"அவரு கையில சோத்து வாளி இருந்துச்சு. நாந்தான் போனைப் புடிச்சிக்கிட்டு நின்னேன், ஸ்பீக்கர்ல போட்டு. 'அக்கா, தண்ணி இடுப்புக்கு மேல ஓடுது, அந்தப் படகு ஒரு அரை மணி நேரம் இருந்தாப் போதும்'னு கேட்டாரு. நீங்க என்னா சொன்னீங்க?"

நகலைத் திரும்ப மேசையில் வைத்தேன்.

"'இல்லைன்னு போட்டு அனுப்பிட்டேன் சீலா. இப்ப போயி படகு கேட்டா என் மானம் போயிடும். நீ ஓடிப்போயி அதை நெசமாக்கிடு'ன்னீங்க."

ஒரு வார்த்தை பிசகவில்லை. அப்படியேதான் சொன்னேன். சிரித்துக்கொண்டே சொன்னேன், சீப்பு ஒரு கையில் இருந்தது. அறிக்கையில் எழுதவில்லை, இவரிடம் சொல்லவில்லை, யாரும் படிக்காத இந்த நோட்டில் கூட நான் அதை எழுதவில்லை. படகைப் பற்றிப் பேச்சு வரவில்லை என்று எழுதி வைத்திருக்கிறேன். எனக்கே பொய் சொல்லியிருக்கிறேன்.

"ஏன் தையல் இத்தன நாளா யாருகிட்டயும் சொல்லல?"

"நான் சொன்னா யாருக்கா நம்புவா? வேலைக்காவ பொய் சொல்றேம்பாங்க. நீங்களாச் சொல்லுவீங்கன்னுதான் தெனம் வந்து ஒக்காந்தேன்." அவள் குரல் ஏறவே இல்லை. "போவாதீங்கன்னு நான் தடுத்திருக்கணும். தண்ணியப் பாத்துக்கிட்டேதான் நின்னேன். அக்காவே சொல்றாங்களே, இதுக்கு மேல தண்ணி ஏறாதுன்னு தெரிஞ்சுதான் சொல்லுவாங்கன்னு விட்டுட்டேன்."

மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் அழவில்லை. நான் அழுது முடிக்கும் வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சார் அறைக்குப் போய் அறிக்கையை வாங்கி வந்தேன். மனசு மாறிவிட்டது என்று நினைத்து எடுத்துக் கொடுத்தார். இரண்டாம் பக்கத்தைக் கிழித்துவிட்டு வேறு தாள் எடுத்தேன். படகு கேட்டதை எழுதினேன். மறுத்ததை எழுதினேன். 'என் பெயருக்குக் களங்கம் வரும் என்று கூறி' என்று எழுத ஆரம்பித்ததும் தையல் எட்டிப் பார்த்தாள்.

"மானம்னுதான் சொன்னீங்க."

அடித்துவிட்டு, மானம் என்று எழுதினேன். நெசமாக்கிடு என்பதையும் சொன்ன மாதிரியே எழுதினேன். பேனாவை மூடப் போனேன்.

"அதுக்கு அவரு பதில் சொன்னாருல்ல, அதையும் எழுதுங்க."

அவன் பதில் சொன்னது எனக்கு ஞாபகமில்லை. அதைச் சொன்னேன்.

"அதுக்குள்ள போனை வச்சிருப்பீங்க. 'சரிக்கா'ன்னாரு."

'சரி அக்கா என்று அவர் பதிலளித்தார்' என்று எழுதினேன்.

"இல்லக்கா. அவரு சொன்ன மாதிரியே எழுதுங்க" என்றாள்.

அடித்துவிட்டு, 'சரிக்கா' என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டேன்.